எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை

ரெண்டு வருசத்துக்கு முந்தி, மாரி வேளாண்மை கதிர் தள்ளுறதுக்குக் கொஞ்சம் முன்னால நடந்தது இது. மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையில, எழுவான்கரையில இருக்கிற ஒரு சுகாதார அலுவலகத்தில நான் வேலை செய்யிறன். ஒரு நாள் கூட்டத்தில ஒரு முறைப்பாடு வந்துது. சனம் கிளினிக் இல்லாத நாளில வருது, இல்லாத இடத்துக்குப் போகுது, பிறகு வந்து எங்களோட சண்டை பிடிக்குது எண்டு. எந்தக் கிளினிக் எங்க, எந்த நாள், எத்தனை மணிக்கு எண்டு எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு பட்டியல் போடுங்க எண்டு எங்கட மேலதிகாரி சொன்னார். சொல்லிப்போட்டு என்னைப் பாத்தார். கொம்பியூட்டர் கொஞ்சம் தெரிஞ்ச பாவத்துக்கு எல்லாம் என்ட தலையிலதான் விழும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் செய்தன். ஒவ்வொரு இடத்துக்கும் போன் எடுத்துக் கேட்டு, கர்ப்பிணிக் கிளினிக்குக்கு ஒரு நிறம், பிள்ளைகளுக்கு ஊசி போடுறதுக்கு ஒரு நிறம், சீனி வருத்தத்துக்கு, அதான் நீரிழிவுக்கு, ஒரு நிறம் எண்டு பிரிச்சு, பெரிய எழுத்தில போட்டன். முகநூலில போட்டதும் போன் விடாம அடிச்சுது. அதோட விட்டனா? முகநூல் பாக்காத சனத்துக்கு எண்டு தாள்ல அடிச்சு லெமினேட் பண்ணி, சனிக்கிழமை லீவு நாளில நானே கொண்டுபோய் ஒட்டினன். அக்கரையில, படுவான்கரையில, உரம் விக்கிற பசளைக் கடை, கோயில் மதில், துறையடித் தேத்தண்ணிக் கடை, ஒண்டும் விடல்ல. அடுத்த கூட்டத்தில மேலதிகாரி எழும்பி நிண்டு என்னைப் பாராட்டினார். எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கல்ல.

அந்தப் பட்டியலில சீனிக் கிளினிக்குக்கு நான் எழுதினது இதுதான்: புதன்கிழமை, காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை. சுற்றுநிருபத்திலயும் அப்பிடித்தான் இருக்கு. பிழை எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.

ஆனா அந்தக் கிளினிக்குக்குப் போய் வாற ஆக்களுக்கு வேற ஒண்டு தெரியும். டொக்டரைப் பாக்க நம்பர் துண்டு எடுக்கணும். துண்டு அறுபதுதான். எட்டரைக்குள்ள அது முடிஞ்சிடும். முடிஞ்சால், பன்னிரண்டு மணி வரைக்கும் கதவு திறந்து கிடந்தாலும் உங்களைப் பாக்க மாட்டாங்க. இது ஒரு தாள்லயும் இல்ல. எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். என்ட அம்மாவுக்கும் அதே கிளினிக்தான். அவவுக்கு நான் வாசலில துண்டு குடுக்கிறவருக்கு முதல் நாளே சொல்லிவைப்பன். அம்மா ஆறுதலா ஒன்பது மணிக்குப் போய் மருந்து எடுத்துக்கொண்டு வருவா. அந்த அறுபதில ஒண்டு எப்பவும் எங்கட வீட்டுக்கு. இப்ப எழுதக்குள்ள வெக்கமா இருக்கு. அப்ப அது ஒரு சாதாரண விசயம், ஒபிஸ் ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான்.

மாசி மாசம் ஒரு நாள், மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, முன் மேசையில நான்தான் இருந்தன். அம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தா. வெயில்ல நடந்து வந்த முகம். கையில ஒரு பை. பைக்குள்ள இருந்து ஒரு லெமினேட் தாளை எடுத்து மேசையில வச்சா. நாலு மூலையிலயும் ஆணி அடிச்ச ஓட்டை. துறையடித் தேத்தண்ணிக் கடைச் சுவரிலதான் நான் ஆணி அடிச்சிருந்தன், அங்க இருந்து கழட்டிக்கொண்டு வந்திருக்கா.

"இத எழுதின ஆளு ஆரு புள்ள? அவரப் பாக்கணும்."

அவ கோவமாக் கேட்கல்ல. ஆனா எனக்கு என்னமோ விளங்கிட்டுது. ஒரு நொடியும் யோசிக்காம என்ட வாயில இருந்து வந்துது: "அது மேலிடத்தில இருந்து வந்தது அம்மா. இங்க எழுதல்ல."

"அப்பிடியா" எண்டிட்டு, கதிரையில இருந்தா. பிறகு மெல்ல மெல்லப் பறையத் தொடங்கினா.

கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால ஒரு ஊர் அவங்கட. புருசனுக்குக் கனகாலமாச் சீனி வருத்தம். வயல் செய்யிற மனிசன். அந்தப் பக்கம் யானைத் தொல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கதிர் வாற காலம் இரவில பரணில காவல் இருக்காட்டி, விடியக்குள்ள வயல் வட்டை வெறுந்தரைதான். விடிஞ்ச பிறகும் யானை ரோட்டில நிக்கும். வெளிச்சம் நல்லா வந்தாத்தான் சைக்கிளை எடுக்கலாம். துறைக்கு வந்து, பாதை எண்டு நாங்க சொல்லுற அந்தத் தட்டையான படகில ஏறி, வாவியக் கடந்து, பஸ் பிடிச்சு கிளினிக் வாசலுக்கு வர ஒன்பது, ஒன்பதரை ஆகிடும்.

"அப்ப முந்தி எப்பிடி அம்மா வந்தவர்?" எண்டு கேட்டன். கேட்டிருக்கவே கூடாது.

முந்தியெல்லாம் செவ்வாய்க்கிழமை பின்னேரமே இக்கரைக்கு வந்திடுவாராம். தங்கச்சி வீட்ட படுத்து, விடியச் சாமத்தில எழும்பி வரிசையில நிண்டு துண்டு எடுப்பாராம். அண்டைக்கு இரவு காவலுக்கு மச்சான்காரன் போவான். வருசக்கணக்கா அப்பிடித்தான் நடந்தது. ஊரில ஆருக்கும் எழுத்தில ஒண்டும் இல்ல, ஆனா எட்டரை தாண்டினால் சரிவராது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

பிறகு என்ட தாள் வந்தது.

அவர் வாசிக்கத் தெரிஞ்ச மனிசன். தேத்தண்ணிக் கடையில நிண்டு அத உரக்க வாசிச்சுக் காட்டினாராம். "இனி அவதிப்படத் தேவல்ல. பன்னிரண்டு மணி வரைக்கும் பாப்பாங்களாம். அரசாங்கமே எழுதிப் போட்டிருக்கு" எண்டு மற்ற ஆக்களுக்கும் சொன்னாராம். காவலையும் பாத்திட்டு விடிஞ்ச பிறகு போகலாம் எண்டு அவருக்குச் சந்தோசம். அந்த நேரம் காலில, பெருவிரலுக்குப் பக்கத்தில, வரம்பில நடக்கக்குள்ள ஏதோ குத்தின ஒரு சின்னப் புண் இருந்திருக்கு.

முதல் புதன் ஒன்பதரைக்கு வந்திருக்கார். துண்டு முடிஞ்சுது, அடுத்த கிழமை நேரத்தோட வாங்க எண்டு வாசலிலயே திருப்பிப்போட்டாங்க. நோட்டிசைச் சொல்லிப் பாத்திருக்கார். "நோட்டிசக் கொண்டுபோய் நோட்டிஸ் ஒட்டின ஆக்களுட்டக் கேளுங்க" எண்டாங்களாம். தங்கச்சி வீட்ட வந்து படுக்கலாம் எண்டால் அந்தக் கிழமை யானை ரெண்டு தரம் வட்டைக்குள்ள இறங்கிட்டுது, மச்சானைத் தனிய விட ஏலாது. அடுத்த புதன் எவ்வளவோ ஓடியும் ஒன்பது மணி. திரும்பவும் துண்டு இல்ல. மூண்டாம் புதன் அவர் வரல்ல. "ஏட்டுச் சுரக்காய் கறிக்கு உதவுமா" எண்டு சொல்லிப்போட்டு, பச்சிலை அரைச்சுக் கட்டிக்கொண்டு காவலுக்குப் போயிட்டார்.

நாலாங் கிழமை காய்ச்சல். கால் கறுத்துப்போச்சு. அம்புலன்சில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்திட்டாங்க.

அவ இதச் சொல்லக்குள்ள அழல்ல. எனக்குத்தான் கண்ணால தண்ணி ஓடிச்சுது. புண்ணெண்டால் கிளினிக்குக்கு நிக்கத் தேவல்ல, வெளிநோயாளர் பக்கம் எந்த நாளும் போகலாமே எண்டு நீங்க கேட்பீங்க. ஓம், போகலாம். அத அந்த வாசலில ஒரு வாய் திறந்து சொல்லியிருந்தாப் போதும். என்ட பட்டியலிலயும் அப்பிடி ஒரு வரி இல்ல. நிறம் நிறமாப் போடத் தெரிஞ்ச எனக்கு அந்த ஒரு வரி எழுதத் தோணல்ல.

"இப்ப என்ன அம்மா செய்யணும்?" எண்டு கேட்டன்.

"எங்கட ஊரில இன்னம் நாலஞ்சு பேருக்கு இதே வருத்தம் புள்ள. இத எழுதினவருட்டச் சொல்லுங்க, எட்டரை எண்டு மாத்தி எழுதச் சொல்லி. போன கால் போயிட்டுது. மத்தவங்களாவது முந்தின மாதிரி வரட்டும்."

அவ்வளவுதான் கேட்டா. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிச்சிட்டு என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, "ஆஸ்பத்திரிப் பக்கம் இவ்வளவு நேரம் இருந்து என்னோட கதைச்ச ஆள் நீங்க ஒராள்தான். நல்லா இருக்கணும் புள்ள" எண்டா. அந்த இடத்திலயே செத்திருக்கலாம் போல இருந்துது. அப்பவும் நான் வாய் திறக்கல்ல.

அண்டைக்குப் பின்னேரமே மேலதிகாரியிட்டப் போனன். எட்டரைக்குப் பிறகு துண்டு இல்ல எண்டு ஒரு வரி சேர்ப்பம் சேர் எண்டன். அவர் சிரிச்சார். "அப்பிடி எழுதினால், எட்டரைக்குப் பிறகு நாங்க பாக்கிறல்ல எண்டு நாங்களே எழுத்தில குடுத்த மாதிரி ஆகிடும். நாளைக்கு மேல இருந்து கேட்டால் ஆர் பதில் சொல்லுற?" எண்டார். அப்ப பன்னிரண்டு மணி வரைக்கும் துண்டு குடுக்கலாமே எண்டன். ஒரு டொக்டரை வச்சுக்கொண்டு எப்பிடிக் குடுக்கிற எண்டு கேட்டார். அந்த டொக்டரைக் குறை சொல்லவும் ஏலாது, அவர் அறுபது பேரைப் பாத்து முடிக்கவே பின்னேரம் ரெண்டு மணி ஆகும். எல்லாரும் சரிதான் சொல்லுறாங்க. கால் மட்டும் போயிட்டுது.

அடுத்த சனிக்கிழமை மார்க்கர் பேனையை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனன். ஒட்டின இடமெல்லாம் தேடித் தேடி, "துண்டு எட்டரை மணி வரைதான். புண், காய்ச்சல் எண்டால் எந்த நாளும் வரலாம்" எண்டு கையால எழுதினன். தேத்தண்ணிக் கடைச் சுவரில நாலு ஓட்டைதான் இருந்துது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். என்ட அம்மாவுக்குத் துண்டு எடுத்து வைக்கிறதையும் நிப்பாட்டினன். அம்மாவுக்குக் கோவம், ஒரு மாசம் என்னோட சரியாக் கதைக்கல்ல. மிச்சமான அந்தத் துண்டு ஏதோ தூரத்து ஊர்க்காரருக்குப் போயிருக்கும் எண்டு நினைச்சன். விசாரிச்சுப் பாத்தால், எங்கட ஒபிஸ் டிரைவரின்ட மாமியாருக்குப் போகுது.

ஆறு மாசம் கழிச்சு ஒரு நிறுவனம் உதவி செய்து, அழகான புதுப் பலகைகள் வந்துது. நான் கையால எழுதின தாளுகளைக் கிழிச்சுப்போட்டு அதுகளை மாட்டினாங்க. சீனிக் கிளினிக், புதன், எட்டு முதல் பன்னிரண்டு வரை. அதையும் டைப் பண்ணிக் குடுத்தது நான்தான். எட்டரை எண்டு போட்டுத்தான் அனுப்பினன், திருத்தச் சொல்லித் திரும்பி வந்துது, திருத்திக் குடுத்தன். வேற என்ன செய்திருக்கலாம் எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்.

இப்ப படுவான்கரைச் சனம் ஆராவது போன் எடுத்துக் கேட்டால், பலகையை நம்பாதீங்க, முதல் நாளே வந்து தங்குங்க எண்டு வாயால சொல்லுறன். அதுவும் மெதுவாச் சொல்லுறன், பக்கத்து மேசைக்குக் கேட்காம. இந்தப் பகுதியில அனுபவம் எழுதுறவங்க பேர் போடத் தேவல்ல எண்டதாலதான் இத எழுதவும் எனக்குத் துணிவு வந்தது. அண்டைக்கு அந்த அம்மா என்னட்டக் கேட்டது, எழுதின ஆள் ஆர் எண்டு மட்டும்தான். அந்தப் பதிலை நான் இன்னம் அவவுக்குக் குடுக்கல்ல.