கத்திரி அத்தையும் ஒரு பாதித் தலையும்

“பாதிக்கப்பட்டவர் யாரும்மா?”

போலீஸ்காரர் என்னிடம்தான் கேட்டார். எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் படிவத்தை வைத்து, பேனாவை ஒரு கட்டத்தின் மேல் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். குற்றம் செய்தவர் பெயரை எழுதிவிட்டார். என்ன குற்றம் என்பதையும் எழுதிவிட்டார். பிடிபட்ட பொருள், கத்திரிக்கோல் ஒன்று, சீப்பு இரண்டு. பார்த்த சாட்சி நான். பதில் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பது பள்ளியில் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

குற்றவாளியின் பெயர் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கத்திரி அத்தைதான். அப்பா மட்டும் தங்கச்சி என்பார்.

அத்தை இருபத்திரண்டு வருடம் மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவர். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்கு முடி வெட்ட அங்கே யாரும் வருவதில்லை. அவர்கள் தலை சிக்குப்பிடித்து நாறும். பார்க்கப் பொறுக்காமல் அவரே கற்றுக்கொண்டார். படுத்திருப்பவரைத் திருப்பும்போது உடம்பு முழுக்க வலிக்கும், அதனால் ஒரே தடவைதான் திருப்ப வேண்டும் என்பது அவருடைய கணக்கு. முதலில் இடப்பக்கமாகச் சாய்த்து, வலது பாதியை நெற்றியிலிருந்து பிடரி வரை முழுசாக முடிப்பார். பிறகு திருப்பி மறு பாதி. கடையில் வெட்டுகிறவர்கள் தலையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அத்தைக்கு எந்தத் தலையும் இரண்டு பாதிதான்.

வேலையிலிருந்து நின்ற பிறகு, வெளியே போக முடியாதவர்களின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். பதினேழு தலைகள் இருந்தன. கொடுக்கிற கூலியை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். பதினேழில் ஒன்று என் அப்பாவின் தலை.

அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்றாவது மாடியில் எங்கள் வீடு, லிஃப்ட் கிடையாது. பதினான்கு மாதமாக அவர் தெருவைப் பார்க்கவில்லை. அத்தை மாதம் ஒருமுறை வருவார். இடது கையை அப்பாவின் கழுத்துக்கடியில் கொடுத்து, தலையின் மொத்த பாரத்தையும் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வார். அப்பாவின் முகம் அப்போது தளர்வதைப் பார்க்க வேண்டும். அந்த அரை மணி நேரம் அவர் தலையை அவர் சுமக்க வேண்டியதில்லை.

அத்தைக்கு லைசென்ஸ் இல்லை. வாங்காமல் இல்லை, கேட்டுப் பார்த்தார். லைசென்ஸுக்குக் கடை வேண்டும், கடையில் தண்ணீர்த் தொட்டியும் ஓடு பதித்த சுவரும் வேண்டும் என்றார்கள். என் ஆட்கள் கடைக்கு வர முடியாதே என்று அத்தை சொன்னதற்கு, அப்படியானால் அவர்களுக்கு வெட்டக் கூடாது என்று பதில் வந்தது.

அன்று காலை பத்து மணி. எனக்குப் பள்ளி விடுமுறை, அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பாவின் வலது பாதி முடிந்து, அத்தை சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் அதிகாரி ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். புகார் எதுவும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்பவர்களைப் பிடிக்கும் வாரமாம் அது. கீழே இவர்கள் வழி கேட்டபோது யாரோ வெகுளியாகக் காட்டியிருக்கிறார்கள்.

அத்தை பத்து நிமிடம் கேட்டார். மறு பாதியை முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றார். என் கண்ணெதிரே குற்றம் தொடர அனுமதிக்க முடியாது என்று அதிகாரி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. காதில் பட்டுவிட்டால், கத்திரி வழியாக நோய் தொற்றினால் யார் பொறுப்பு என்று கேட்டார். அது நியாயமான கவலைதான். படுத்தபடியே அப்பா பதில் சொன்னார்.

“காது என்னோடது சார். நான்தான் நம்பிக் கொடுத்திருக்கேன். பட்டா நானே உங்ககிட்ட வந்து சொல்றேன்.”

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். இனி வெட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். அத்தை கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

“போட்டா இது பொய்க் கையெழுத்து ஆயிடும் சார். அடுத்த புதன்கிழமை ஒரு பொண்ணு எனக்காகக் காத்திருக்கும்.”

அதற்குப் பிறகுதான் போலீஸ்காரர் படிவத்தை எடுத்தார். நான் பதில் சொல்லாததால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். கத்திரிக்கோலை எங்கள் கைத்துணியில் சுற்றினார். பிறகு அத்தையின் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார், மன்னிப்புக் கேட்பதுபோல. ஆனாலும் விடாத பிடி அது. அவர் பிடித்தது அப்பாவின் தலையைத் தாங்கிய அதே கை. சட்டம் என்றால் தடித்த புத்தகம் என்று நினைத்திருந்தேன். தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் அது கடைசியில் ஒரு கையாக வந்து பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்பாவின் தலை ஒரு பக்கம் அறுத்த வயல், மறு பக்கம் புதர். சாயந்திரம் அம்மா வந்து பார்த்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரைக் கெஞ்சியாவது கூட்டிவருகிறேன் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“இத்தனை வருஷம் அரை டிக்கெட் கிழிச்சேன். இப்ப நானே அரை டிக்கெட். ஆரம்பிச்சவங்க வந்து முடிக்கட்டும்.”

மறுநாள் காலையில், அத்தையை வைத்திருந்த ஸ்டேஷனுக்குத் தன்னைத் தூக்கிப் போகச் சொன்னார். உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று அம்மா திட்டிக்கொண்டே அவருக்குச் சட்டை மாட்டிவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்கப் போர்வையால் கட்டினோம். இரண்டாவது மாடித் தையல்காரரும் அவர் தம்பியும் தூக்கினார்கள். தெருவில் எல்லோரும் அப்பாவின் தலையைப் பார்த்தார்கள். அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் அத்தை பெஞ்சில் இருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முதலில் தலையைத்தான் பார்த்தார். ராத்திரி இந்தப் பக்கம் குத்தியிருக்குமே என்று வெட்டாத பாதியைத் தடவினார். ஸ்டேஷன் அதிகாரி என்ன வேண்டும் என்று கேட்டார்.

“அந்தப் படிவத்துல ஒரு கட்டம் காலியா இருக்காம். பாதிக்கப்பட்டவர்னு என் பேரை எழுதிக்கோங்க,” என்றார் அப்பா.

அதிகாரி நிமிர்ந்தார். “இந்தம்மா மேல புகாரா?”

“இல்லைங்க. இவங்க வெட்டின பாதி நல்லாத்தான் இருக்கு. வெட்டவிடாத பாதியைப் பாருங்க. அது உங்க ஆளுங்க செஞ்சது.”

அதிகாரி அப்பாவின் தலையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எச்சரிக்கை என்று ஏதோ எழுதி அத்தையை அனுப்பிவிட்டார். கத்திரிக்கோலைத் தரவில்லை, தர விதி இல்லை என்றார். லைசென்ஸும் அப்படியே, இன்றுவரை கிடைக்கவில்லை.

திரும்பும்போது தையல்காரரின் தம்பிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. நேற்று வந்த அதே போலீஸ்காரர்தான் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மூன்று மாடியும் ஏறினார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“நான் கீழ போயிடறேன். என் கண்ணெதிர்ல வேண்டாம்.”

அவர் காலடிச் சத்தம் அடங்கும் வரை அத்தை காத்திருந்தார். பிறகு என் பள்ளிப் பையிலிருந்த, காகிதம் வெட்டும் மழுங்கல் கத்திரியை எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்து மறு பாதியை முடித்தார். அந்தப் பக்கம் மேடும் பள்ளமுமாக வந்தது. அப்பா கண்ணாடி கேட்கவே இல்லை. கழுத்துக்கடியில் அத்தையின் கை இருந்தது, அது போதும் அவருக்கு.

போலீஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் தையல்காரரின் மெஷினைத் திருடிப் போனார்கள். அப்போது இதே போலீஸ்காரர்கள்தான் திருடனைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் இருந்தது. பறிக்கிறவனை, அடிக்கிறவனைத் தடுக்க ஒரு கை வேண்டும். மனமொத்துத் தலையைக் கொடுத்த ஒருவருக்கும், அதை ஏந்திய ஒருவருக்கும் நடுவில் அந்தக் கை ஏன் வர வேண்டும்? எனக்கு இன்னும் புரியவில்லை. யாராவது புரியவைத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தை அந்தப் புதன்கிழமை எங்கே போனார் என்று நான் எழுதப் போவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படிப் படிவம் எழுதுகிறவர் யாராவது இருந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போது பேனாவை ஒரு நிமிடம் கீழே வைக்கச் சொல்லுங்கள்.