அறுக்கக் கூடாத நூல்

அந்த விடுதியில் வாரத்துக்கு இரண்டு மூன்று பிறந்தநாள் வரும். ஒன்றுகூட அங்கே வளரும் பிள்ளைகளுடையது இல்லை. நகரத்து நகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி, லாட்டரியில் பரிசு விழுந்தவர் என்று யாராவது புண்ணியம் தேடி வருவார்கள். மதியச் சாப்பாடும் கேக்கும் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கைகூப்பி, வந்தவர் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழவேண்டும் என்று பாடுவார்கள். பாதிப் பிள்ளைகளுக்குத் தாங்கள் எந்த மாதத்தில் பிறந்தோம் என்பதே தெரியாது. ஆனால் அந்தப் பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் பாடுவார்கள்.

"இதெல்லாம் பாவமா இருக்கு" என்று புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி ஒருமுறை கண் கலங்கினாள். புவாலாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்ன பாவம்? வந்தவன் பாட்டைக் கேட்டுட்டுப் போறான், நம்ம பிள்ளைக சுட்ட கோழி திங்குதுக. யாருக்கு நஷ்டம்?" என்றாள்.

புவாலா அந்த விடுதியின் சமையல்காரி. பிள்ளைகளுக்கு அம்மாவும் அவள்தான். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலசின் நகரத்துக்குப் பக்கத்து வயல்காட்டில், விடுதி இருந்த அதே ஊரில் பிறந்தவள். புருஷன் தைவானுக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். பெற்ற ஒரே பிள்ளை அழாமலே பிறந்து அழாமலே போனது. அரிசி களைய ஆள் இல்லை, நாலு நாள் வந்து போ என்று விடுதியில் கூப்பிட்டார்கள். வந்தவளுக்குத் தலை நரைத்துவிட்டது, அந்த நாலு நாள் முடியவில்லை.

விடியுமுன் எழுந்து ஒட்டரிசியை மூங்கில் கூடையில் அவியப் போடுவாள். அது வேகுமுன் இருபத்துச் சொச்சம் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். பேன் பார்க்க வேண்டும், யாருடைய பாயில் ஈரம் என்று பார்த்தும் பார்க்காததுபோல் காயப்போட வேண்டும். வாய் மட்டும் பொல்லாதது. "எருமை கூட எழுந்திருச்சிருச்சு, மகாராணிக்கு இன்னும் விடியலையா?" என்று தட்டி எழுப்புவாள். "எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லுவாள். அது பச்சைப் பொய் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

மோத் என்றால் அவளுக்கு உயிர். மோத் என்பது அவர்கள் மொழியில் எறும்பு. கைக்குழந்தையாக ஒரு லாரிக்காரன் கொண்டுவந்து கொடுத்தபோது அத்தனை சின்னதாக இருந்தாள். புவாலாதான் அந்தப் பெயரை வைத்தாள். இப்போது ஆறு வயது. விதிப்படி அவள் பெண்பிள்ளைகள் அறையில் படுக்க வேண்டும். படுப்பது அங்கேதான், விடியும்போது கிடப்பது புவாலாவின் பாயில். பெற்றிருந்தால்கூட இத்தனை ஆசை வைத்திருப்பேனா என்று புவாலா தனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு.

அந்த மழைக்காலத்தில் மோத் விடுதிக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான், உடனே தூக்கிவிட்டார்கள். மறுநாள் காய்ச்சல் அனலாய் அடித்தது. சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள் புவாலா. அங்கிருந்த நர்ஸ் மாத்திரை கொடுத்து, "டெங்குவா இருக்கலாம் அக்கா. காய்ச்சல் விட்டாலும் சரி, விடாட்டியும் சரி, வியாழக்கிழமை கண்டிப்பா தூக்கிட்டு வாங்க" என்றாள். புவாலா தலையை ஆட்டினாள். ஆனால் அவள் மனசு வாய்க்காலிலேயே இருந்தது. பிள்ளை பயந்து விழுந்த இடத்தில் அதன் குவான் கழன்று நின்றுவிட்டது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். உடம்போடு கூடவே இருந்து காக்கும் உயிர்த்துணை அது. அது வெளியே நிற்கும்வரை எந்த மாத்திரையும் கேட்காது என்பது அந்தப் பக்கத்தில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

புதன்கிழமை சாயங்காலம் மீன் அள்ளும் கைவலையோடு வாய்க்கால் கரைக்குப் போனாள். அவித்த முட்டையைப் பிடித்துக்கொண்டு குங் வந்தாள்; ஒன்பது வயது, விடுதியிலேயே வாய்த்துடுக்கானவள். மற்ற பிள்ளைகள் பின்னால். புவாலா தண்ணீரை வலையால் அள்ளி அள்ளிக் கூப்பிட்டாள்.

"மோத்தோட குவானே, வா! சேத்துல நிக்காதே, நண்டுகூட விளையாடாதே. முட்டை வச்சிருக்கேன், வாழைப்பழம் வச்சிருக்கேன். வீட்டுக்கு வா, கண்ணு!"

"அம்மா, ஒரு தவளை மாட்டியிருக்கு, அதுதானா?" என்றான் ஒரு பொடியன்.

"வாயை மூடுடா, அடுத்துத் தொலையப்போறது உன் குவான்தான்."

வலையை மோத்தின் சட்டைக்குள் சுருட்டி எடுத்துவந்து, சட்டையை அவள்மேல் போர்த்தினாள். விடிந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது. மோத் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். புவாலாவுக்கு வாயெல்லாம் பல். "சொன்னேனா இல்லையா?" என்று அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தாள்.

அன்றைக்குத்தான் வியாழக்கிழமை. நினைவில்லாமல் இல்லை. ஆனால் விடுதியின் வண்டியை எடுத்துக்கொண்டு பொறுப்பாளர் நகரத்துக்குப் போயிருந்தார், மழை வேறு. அரிசி ஆலைக்காரி கிம்லாங்கின் அறுபதாவது பிறந்தநாள் சாப்பாடும் அன்றைக்கே. காய்ச்சலே இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த நர்ஸ் சிரிப்பாள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பாழாய்ப்போன அந்த நாளைக்கு!

கிம்லாங் மகன்களோடு வேனில் வந்தாள். சுட்ட கோழி, பப்பாளிக்காய்ச் சாலட், மாடி வைத்த கேக், பெரிய டப்பாவில் ஐஸ்கிரீம். மோத்தின் கதையைக் கேட்டதும், "குவான் திரும்பி வந்திருக்கு, அதைக் கட்டிப்போடாம விடலாமா? இன்னைக்கே நூல் கட்டுங்க, எனக்கும் புண்ணியம்" என்றாள். ஊரிலிருந்து மந்திரம் சொல்லும் பெரியவரை அழைத்து வந்தார்கள். வாழையிலையைக் கோபுரமாய் மடித்து, சாமந்தி செருகி நடுவில் வைத்தார்கள். அவர் ராகம் போட்டு முடித்ததும், ஆளுக்கொரு வெள்ளை நூலாக மோத்தின் மணிக்கட்டில் கட்டினார்கள். புவாலா கட்டினாள், எல்லாப் பிள்ளைகளும் கட்டினார்கள், கிம்லாங் கட்டினாள், அவள் மகன்கள் கட்டினார்கள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நூலாகிவிட்டது.

"மூணு நாளைக்கு இது கையிலேயே இருக்கணும். அப்புறமும் அவுக்கத்தான் செய்யணும். கத்தி படக்கூடாது, கத்தரி படக்கூடாது. அறுத்தா குவானைப் பிடிச்சு வெளியில தள்ளினமாதிரி. யாராவது விளையாட்டுக்கு இழுத்தீங்க, தோலை உரிச்சிருவேன்" என்று புவாலா எல்லோரையும் மிரட்டினாள்.

கிம்லாங் மோத்தைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். பிள்ளைகள் நூறு வயது பாட்டைப் பாடினார்கள், மோத்தும் பாடினாள். "கை சில்லுன்னு இருக்கே" என்றாள் கிம்லாங். "ஐஸ்கிரீம் பிடிச்ச கை வேற எப்படி இருக்கும்?" என்று புவாலா சிரித்தாள்.

வேன் கிளம்புகிற நேரத்தில் மோத் வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்று புவாலா வயிற்றில் தைலம் தடவினாள். பிள்ளை வாந்தி எடுத்தாள்; அது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. துடைக்கப்போனபோது கணுக்காலுக்கு மேலே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். உள்ளங்கால் ஐஸ்கட்டி. "மோத்! அம்மாவைப் பாருடி!" கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. நர்ஸ் சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்புச் சாலையில் மழையோடு ஓடினாள். வேன் தூரத்தில் சேற்றில் உருண்டுகொண்டிருந்தது. செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைத் தாண்டிக் குங் பறந்தாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே போய் வேனின் பின்கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

மூத்த மகன் எட்டிப் பார்த்து முகம் வெளுத்தான். "அம்மா, இன்னைக்கு உங்க அறுபதாவது பொறந்தநாள். வண்டிக்குள்ள ஏதாவது ஆயிட்டா..."

"வாயைக் கழுவு" என்றாள் கிம்லாங். "ஏறு புவாலா."

அவளொன்றும் தெய்வம் இல்லை. வழி நெடுக மறுபக்கத்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, கழுத்துத் தாயத்தைப் பிடித்து முணுமுணுத்தபடியே வந்தாள். ஆனாலும் ஏற்றிக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வட்டார ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ் பிள்ளையைத் தொட்டதுமே ஓடத் தொடங்கிவிட்டாள். ரத்த அழுத்தம் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது, உடனே சலைன் ஏற்ற வேண்டும் என்றார்கள். காலில் குத்தினாள், நரம்பு கிடைக்கவில்லை. இன்னொரு காலிலும் இல்லை. "கை வேணும்" என்று திரும்பியவள் நூலைப் பார்த்தாள். மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஈரத்தில் ஊறி, இறுகி, சதையோடு ஒட்டிக் கிடந்தது.

கத்தரிக்கோலை எடுத்தாள். புவாலா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதம்மா. இன்னைக்குத்தான் கட்டினது. நான் அவுத்துத் தர்றேன்."

நர்ஸும் அந்தப் பக்கத்துப் பெண்தான். ஒரு கணம் அவள் கையும் நின்றது. "சீக்கிரம், பெரியம்மா."

பிள்ளைகள் போட்ட முடிச்சு எந்த ஒழுங்கிலும் இருக்காது. ஒன்றின்மேல் ஒன்றாக, மூன்று நான்கு சுற்று சுற்றி, ஆசை ஆசையாய் இறுக்கியிருந்தார்கள். புவாலாவின் விரல் விறைத்துப்போயிருந்தது. ஒரு முடிச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். ஐஸ்கிரீம் வாசமும் வாந்தி வாசமும் சேர்ந்து வந்தது. மோத்தின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, நேரமில்லை!"

"கத்தரியை எங்கிட்டக் குடு" என்றாள் புவாலா. "உனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டி பெத்து வாழணும். இந்தப் பாவம் உனக்கு வேண்டாம்."

அவளே அறுத்தாள். அத்தனை நூலையும், பிள்ளைகள் கட்டியதை, கிம்லாங் கட்டியதை, கடைசியில் தான் கட்டியதையும். ஊசி உடனே ஏறியது.

மோத்தை அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலை அங்கே அவள் போய்விட்டாள். சின்ன வயது டாக்டர் ஒருவர் புவாலாவை உட்கார வைத்து, காய்ச்சல் விடுகிற நாள்தான் இந்த நோயில் மோசமான நாள், காலையிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மெல்லச் சொன்னார். புவாலா கேட்டுக்கொண்டாள். அதை அவள் நம்பினாள். நூலை அறுத்ததால்தான் போனாள் என்பதையும் நம்பினாள். இரண்டு கத்தியும் ஒரே நெஞ்சில்தான் பாய்ந்து நின்றன. எதைப் பிடுங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்ப் புத்தர் கோயிலின் எரிமேடையில் மோத்தை எரித்துவிட்டு வந்தார்கள். அறுத்த நூல்களை மடிப்பையில் வைத்திருந்தவள், அதை மோத்தோடு சேர்த்து எரியவிட்டாள். நூலை அறுத்தது தன்னோடு போகட்டும், பிள்ளைகள் காதில் விழவே கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு அம்மா. அவள்மேல் பயம் வந்துவிட்டால் அப்புறம் எங்கே போவார்கள்?

ஆனால் குங் சாப்பிடவில்லை. சனிக்கிழமையும் இல்லை, மறுநாளும் இல்லை. திங்கட்கிழமை யாரோ ஒரு வங்கிக்காரருக்குப் பிறந்தநாள். முன்பே சொல்லிவைத்தது, மாற்ற முடியாது. பிள்ளைகள் உட்கார்ந்து நூறு வயது வாழச் சொல்லிப் பாடினார்கள். குங் மட்டும் வாயைத் திறக்கவில்லை, கேக்கையும் தொடவில்லை.

சாயங்காலச் சாப்பாட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது புவாலா பொறுமை இழந்தாள். "என்னடி, பட்டினி கிடந்து செத்தவளைக் கொண்டுவரப்போறியா? வாயைத் திற!"

குங் தலையைக் குனிந்தபடி பேசினாள். "நான் இறுக்கிக் கட்டலம்மா."

"என்னது?"

"நூலு. அவ ஐஸ்கிரீம் டப்பாவ எனக்குத் தராம வச்சுக்கிட்டா. அந்தக் கோவத்துல சும்மா ஒரு முடிச்சுதான் போட்டேன். எல்லாரும் நல்லாக் கட்டினாங்க. என்னோடது அவுந்திருக்கும். அது வழியாத்தான் அவ குவான் போயிருச்சு." ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தில் கிழவிக்களை வந்திருந்தது.

புவாலா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன் முடிச்சு அவுறலடி" என்றாள். "ஒருத்தர் முடிச்சும் தானா அவுறல. நான் பல்லால கடிச்சு இழுத்தும் வரல. அவ்வளவு இறுக்கமா இருந்துச்சு. ஊசி போட இடமில்லைன்னாங்க. நான்தான் அறுத்தேன். கத்தரிக்கோலை வாங்கி, இந்தக் கையாலதான்."

தவளைப் பொடியன்தான் கேட்டான்: "அறுக்கக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவள் மடியில் சாய்ந்துகொண்டிருந்த குட்டிப் பெண் மெல்ல எழுந்து நகர்ந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இன்னொன்றும் நகர்ந்தது. புவாலா ஒருத்தியையும் பிடித்து இழுக்கவில்லை.

குங் மட்டும் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சோற்றுக் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். ஓர் உருண்டை பிடித்து வாயில் போட்டாள். இன்னொன்று பிடித்தாள். புவாலாவின் முகத்தைப் பார்க்காமலே தின்றாள், மெல்லக்கூட நேரமில்லாதவள்போல் தின்றாள். புவாலா மீன் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.