முனியாண்டி அண்ணே மாற்றி எடுக்காத பஸ் லிஸ்ட்

முனியாண்டி அண்ணே போய்விட்டார். இன்று காலை, ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில்... அவர் மகள் வாட்ஸ்அப்பில் சொன்னாள்.

எங்கள் பேக்டரி பஸ் டிரைவர். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பெண்களைத் தினமும் கடல் பாலம் தாண்டித் தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் கொண்டுவந்து இறக்கியவர். தொண்ணூறுகளில் அந்தச் சட்டை பேக்டரியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது பதினேழு வயது. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதிலேயே, பள்ளியை விட்டுவிட்டுப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் பேச மாட்டேன்.

"என்னம்மா, வாயத் தொறக்கவும் ஓவர்டைம் கேப்பியா?" அண்ணே தினமும் கேட்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு ஆள் தேவைப்பட்டது. சூப்பர்வைசர் மிஸ் கோ என்னை உட்கார வைத்தார். ஒரு மாதம்தான் டைம். சரிப்படாவிட்டால் மறுபடியும் பட்டன்.

ஸ்ப்ரெட்ஷீட்... போட்டோஸ்டேட் எடுத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து நானாகவே தட்டிக் கற்றுக்கொண்டேன். முதல் வேலை பஸ் லிஸ்ட். ஒரு வரிசையில் பெயர், பக்கத்து வரிசையில் அவரவர் ஏறும் இடம்.

அழகாக இருக்கட்டுமே என்று A முதல் Z வரை அடுக்கினேன். பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டேன். பெயர்கள் நகர்ந்தன, ஏறும் இடங்கள் நகரவில்லை. கவனிக்காமல் பிரிண்ட் எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை. பஸ்ஸில் லிஸ்ட் கை மாறியது.

"அண்ணே, நான் எப்ப பைராம் தோட்டத்துக்கு வீடு மாறுனேன்? எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதே!" என்றார் சுங்கை பாக்காப் லெட்சுமி அக்கா. பஸ்ஸே சிரித்தது.

"யாருலா இத அடிச்சது?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

நான் குனிந்து பையைத் துழாவினேன். அண்ணே கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அது ஆபீஸ்ல தூக்கிப் போட்ட பேப்பர்லா. நான்தான் மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். உக்காருங்க, பாலத்துல ஜாம் ஆவப் போவுது."

லிஸ்டைப் பார்க்காமலேயே மீதிப் பேரையும் அவரவர் இடத்தில் ஏற்றினார். பேக்டரி வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு அதை மடித்து என் கையில் வைத்தார்.

"பேருங்க சரியாத்தான் இருக்கு. ஊரத்தான் மாத்திப்புட்ட. மிஸ் கோ வர்றதுக்குள்ள வேற அடிச்சிடு."

அடித்தேன். இந்த முறை இரண்டு வரிசையையும் சேர்த்து.

ஆனால் விஷயம் மிஸ் கோ காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வாசலில், அத்தனை பேர் முன்னால், ஒரு காகிதத்தைக்கூடப் பார்த்து எடுக்கத் தெரியாதா என்று மலாயில் அண்ணனைத் திட்டினார். அண்ணே தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

நான் நாலடி தள்ளி நின்றேன். பிறகு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மாதம் முடிந்தது. என்னை ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு 'குப்பை லிஸ்ட்' என்று பெயரே வந்துவிட்டது. "குப்பை லிஸ்ட் அண்ணே, இன்னைக்காச்சும் வீட்டுக்குத்தானே போறோம்?" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்... என் பக்கம் திரும்பவே மாட்டார்.

அந்த பஸ்ஸில் வந்த அக்காமார் சிலர் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள். லெட்சுமி அக்கா, நீங்களும்தான்.

அந்த லிஸ்டை அடித்தது நான். அண்ணே எதையும் மாற்றி எடுக்கவில்லை.

நல்லபடியா போங்க அண்ணே.