மூன்றாவது கியரில் திருமுல்லைவாயில்

சனிக்கிழமை, காலை 6.10. ராணிப்பேட்டை.

எங்கள் தெருவிலிருந்து திருமுல்லைவாயிலில் இருக்கும் மகள் வீட்டு வாசல் வரை நூற்று நான்கு கிலோமீட்டர். ஒன்பது வருடமாக இதே டீசல் காரில் போய் வந்த வழிதான். இந்த முறை ஒரே ஒரு வித்தியாசம். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவள் என் மனைவி கோமதி. நான் பக்கத்து இருக்கையில் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சென்ற ஆண்டு என் வலது கண்ணின் பார்வை போய்விட்டது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை கண்ணைக் காட்டச் சென்னைக்குப் போக வேண்டும். காரை விற்றுவிடுங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி, அதை வாங்குவதற்கு ஆளையே பார்த்துவைத்துவிட்டார் மாப்பிள்ளை. நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோமதிக்கு யார் கையையும் எதிர்பார்ப்பது பிடிக்காது. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்து நான்கு வயதில்! லைசென்ஸ் வாங்கி ஊருக்குள் மூன்று மாதம் ஓட்டியும் பழகிவிட்டாள். இதுதான் முதல் வெளியூர்ப் பயணம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் கார் எங்களிடம் இருக்கும். இல்லையென்றால் மாப்பிள்ளை பார்த்த ஆளுக்குப் போகும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தோல் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஓர் ஆணி வீணாகப் போனாலும் மனசு ஆறாது. இந்தக் காரில் லிட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் வாங்கிக் காட்டியவன் நான். நாற்பது கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஐந்தாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரில் பட்டும் படாமல் காலை வைத்து உருட்டிக்கொண்டே போவேன். கோமதியோ டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மூன்றாவது கியரில் இன்ஜினை இரைய விட்டு, அப்புறம்தான் நான்காவதுக்குப் போவாள். எனக்கு வயிறு எரியும்.

காலை 7.35. சுங்குவார்சத்திரம்.

இட்லி நாலு நாற்பது ரூபாய், காபி இருபத்தைந்து. சட்னி சுமார். கோமதி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கவா? ராணிப்பேட்டைலருந்து இதுவரைக்கும் எத்தன தடவ 'கியர் மாத்து'ன்னு சொன்னீங்க தெரியுமா?"

"நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"இருபத்தாறு தடவ. எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் திறந்துவிட்டேன்.

காலை 9.05. காடுவெட்டி பாலம்.

பூந்தமல்லியில் நெடுஞ்சாலையை விட்டு ஆவடி சாலையில் திரும்பினோம். சென்னீர்குப்பம் தாண்டி, கூவத்தின் மேல் இருக்கும் காடுவெட்டி பாலத்தில் ஏறும்போது மீட்டர் பலகையில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் ஒன்று எரிந்தது. மறு நொடி வண்டிக்கு இழுவையே இல்லை. கோமதி ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் முனகியதே தவிர வேகம் ஏறவில்லை. பின்னால் பார்த்தேன். கரும்புகை! எங்களுக்குப் பின்னால் வந்த மாநகரப் பேருந்தே தெரியவில்லை.

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலோரம் குனிந்து, "யம்மா, ஓட்டத் தெர்லன்னா ஊட்லயே குந்திகினு இரேன்!" என்று கத்திவிட்டுப் போனான். போகட்டும், அவன் யாரோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நான்தான் தலபாடா அடிச்சிக்கிட்டேனே, இப்படி இரைய வச்சு ஓட்டாதேன்னு! இப்ப பாரு, இன்ஜினையே கெடுத்துட்ட."

அவள் பாலத்தின் மறுபக்கம் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"வண்டி நின்னு போச்சும்மா. வரதுக்கு நேரமாகும். மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு, அந்த ஆளுக்கே காரைக் குடுத்துடலாம். எனக்கு இதெல்லாம் வராது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எங்களைப் பார்த்து ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து புகைக்குழாயைப் பார்த்தார். "இன்னா நைனா, வண்டி மூச்சு வாங்குது? ஒன்ற கிலோமீட்டர்ல பருத்திப்பட்டாண்ட நம்ம தாமு ஷெட்டு கீது. ஃபர்ஸ்ட் கியர்லயே மெதுவா வாங்க, நான் முன்னாடி போறேன்."

"இந்த ஒன்றரை கிலோமீட்டர்தான். அப்புறம் இந்த ஸ்டீரிங்கை நான் தொட மாட்டேன்," என்றாள் கோமதி.

காலை 9.40. பருத்திப்பட்டு.

தாமு என்கிற தாமோதரனுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தகரக் கூரை ஷெட். உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு கார் நிற்கலாம். சுவரில் ஸ்பேனர்களை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அதன் வடிவத்தைப் பெயின்டில் வரைந்துவைத்திருந்தார். ஸ்டோர் கீப்பர் மனசுக்கு அதைப் பார்த்ததுமே ஆள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கோமதி உள்ளேயே வரவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார் தாமு. சின்னத் திரையில் எழுத்துகள் ஓடின. "ஈ.ஜி.ஆர். கம்ப்ளைண்ட்னு காட்டுது சார்."

"அது தெரியும் தம்பி. தகடு ஒண்ணை வெட்டி வச்சு அடைச்சிடலாம், பத்து நிமிஷ வேலைன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

தாமு நிமிர்ந்து பார்த்தார். "அடைக்கலாம் சார், நெறைய பேரு அப்டித்தான் பண்றாங்க. இன்ஜின் வுட்ற புகைல கொஞ்சத்த திருப்பி உள்ளயே அனுப்பி எரிக்கிற வால்வு அது. அத அடைச்சிட்டா, உள்ள போவ வேண்டிய விஷம் ரோட்டுக்குத்தான் வரும். தோ, எதுத்தாப்ல ஸ்கூலு கீது. நான் பண்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது.

தாமு உடனே வால்வைக் கழற்றிவிடவில்லை. "இந்த மெஷினு தெருவத்தான் காட்டும் சார், ஊட்ட நாமதான் தேடணும்," என்று சொல்லி, முதலில் காற்றுக் குழாய்களில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தார். இல்லை. ஒயர் இணைப்பைக் கழற்றிப் பார்த்தார். பின்கள் பளபளவென்று இருந்தன. பிறகு கருவி வழியாகவே வால்வுக்கு உத்தரவு கொடுத்தார். முழுசாக மூடிக்கொள் என்று சொன்னால் திரையில் பூஜ்யம் வர வேண்டுமாம். முப்பத்தெட்டு சதவீதம் என்று வந்தது. மறுபடி சொன்னார். மறுபடியும் முப்பத்தெட்டு.

"பாத்தீங்களா, மூடவே மாட்டேங்குது. தொறந்தபடி மாட்டிகினு கீது. நல்ல காத்து போற எடத்துல எந்நேரமும் புகை போனா வண்டி எப்டி ஏறும்?"

காலை 11.00.

இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து வால்வைக் கழற்றினார். உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அதன் வாயைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். கட்டை விரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டு விரல் நுழையாது. கரி, எண்ணெய்ப் பிசுக்கோடு கெட்டியாக அப்பிக்கிடந்தது. பல நாள் தேய்க்காத தோசைக்கல் ஓரம் மாதிரி, அடுக்கடுக்காக. ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் பதமாகத் தேய்த்தார். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடவே இல்லை. சுரண்டினால் வால்வின் முகம் கீறி அப்புறம் மூடவே மூடாதாம். தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"வண்டிய யாரு சார் ஓட்றது?"

"இப்ப மூணு மாசமா அவங்க. அதுக்கு முன்னால ஒம்பது வருஷம் நான்தான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "லிட்டருக்கு இருபத்து நாலு வாங்கினேன்!"

"எப்டி சார்?"

பெருமையாக விளக்கினேன். நாற்பதிலேயே ஐந்தாவது கியர். காலை மெத்தென்று வைப்பது. மலை ஏறுவதைப் போல இன்ஜினை ஒருநாளும் கத்தவிடாதது. தாமுவின் கையிலிருந்த பிரஷ் நின்றது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. டீசல் வண்டிய அப்பப்போ நல்லா இரைய வுட்டு ஓட்டணும். அப்பத்தான் உள்ள சூடு ஏறும், கரி எரிஞ்சி வெளிய போவும். நீங்க உருட்டிகினே போயிருக்கீங்க. இந்தக் கரி மூணு மாசத்துல சேந்ததில்ல. கல்லாட்டம் கீது பாருங்க, வருசக்கணக்கு. அக்கா எப்டி ஓட்றாங்க?"

"மூணாவதுல இரைய விட்டு..."

"அதான் கரெக்டு. அவங்க இதே மாதிரி மொதல்லருந்து ஓட்டியிருந்தா வண்டி எங்கிட்ட வந்தே இருக்காது."

எதிர்ப்பக்கம் பார்த்தேன். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் கோமதி. பாலத்தில் நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. இவள்தான் இங்கே இல்லையே, வால்வு தானாகக் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டால் என்ன? தாமுவுக்கு என் முகம் புரிந்துவிட்டது போல.

"நான் வாயத் தொறக்க மாட்டேன் சார். அது உங்க ஊட்டு விஷயம்," என்றார்.

பகல் 12.40.

கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்து வால்வைப் பூட்டி, கருவியில் மறுபடி உத்தரவு கொடுத்தார். பூஜ்யம். திற என்றார், திறந்தது. மூடு என்றார், பூஜ்யம். மஞ்சள் விளக்கு அணைந்தது. "இப்ப ஹைவேல ஓட்டிப் பாக்கணும். அக்காவ கூப்டுங்க."

"நீங்களே ஓட்டிப் பாருங்களேன் தம்பி."

"நம்ம ஷெட்ல ஒரு வழக்கம் சார். வண்டிய தெனமும் யாரு ஓட்றாங்களோ அவங்கதான் டெஸ்ட் ஓட்டணும். நான் ஓட்டிக் காட்னா என் காலுக்கு நல்லாத்தான் கீற மாதிரி தெரியும். நாளைக்கு ஓட்டப்போறது நானா?"

சாலையைத் தாண்டிப் போனேன். "கோமதி, ஓட்டிப் பாக்கணுமாம். வா."

"நான்தான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேனே. என்னால கெட்டது போதும்."

டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பரவாயில்லை என்று முடிவுசெய்தேன். பாலத்திலும் ஊரே பார்த்துக்கொண்டுதானே இருந்தது.

"உன்னால கெடல. என்னால கெட்டது. ஒம்பது வருஷமா மைலேஜ் மைலேஜ்னு உருட்டி, உள்ள முழுக்கக் கரி சேத்து வச்சது நான். நீ ஓட்டுறதுதான் சரியாம். நான் பாலத்துல சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து சாலையைத் தாண்டி நேராகத் தாமுவிடம் போனாள். "இவர் சொல்றது நெசமா தம்பி?" தாமு துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தபடி, "சாரே சொல்றாருன்னா நெசமாத்தான்க்கா இருக்கும்," என்றார்.

கோமதி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினாள். "அப்பா உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

மகளிடமும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். "அப்பா, இருங்க இருங்க. உங்க மாப்பிள்ளையையும் கூப்பிடுறேன், முதல்லருந்து சொல்லுங்க," என்றாள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கைதட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னேன்.

வெளிவட்டச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினாள். தாமு முன்னால், நான் பின் இருக்கையில். "மூணாவதுலயே வைங்கக்கா, நல்லா மிதிங்க, பயப்படாதீங்க!" இன்ஜின் கத்தியது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலில் பெரிதாக ஒரு கரும்புகை, கொஞ்ச தூரம் போனதும் சாம்பல் நிறம், அப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் சாலை. கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் 2.15. திருமுல்லைவாயில்.

ஆவடி தாண்டி, அண்ணனூர் வழியாக மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "அந்த ஆளுக்கு வேணாம்னு போன் பண்ணிட்டேன் அத்தை," என்றார். கோமதி சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு மாலை. திரும்பும் வழி.

ஊர் திரும்பும்போது எப்போதும் பயணத்தைப் பற்றி ஏதாவது யோசிப்பேன். பூந்தமல்லிப் பக்கம் நெரிசல், தூசி, தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள். எங்கள் ஊரில் தோல் வாடை. எது தேவலை என்று எப்போதும் போல ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். காவேரிப்பாக்கம் நெருங்கும்போது வண்டி மூன்றாவது கியரில் இரைந்தது. பழக்க தோஷம், என் கை கியர் பக்கம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நல்ல கண்ணை வெளியே திருப்பினேன். ஏரிக்கரை ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது. பனைமரங்கள், கரைமேல் மாடுகள், மறுபடி கரை. முடிகிற வழியாக இல்லை.

"கோமதி, இங்க இவ்வளவு பெரிய ஏரி இருக்கா?"

"எனக்குக் கல்யாணமாகி வந்த நாள்லருந்து இருக்கு," என்று சொல்லிவிட்டு, அவளாக நான்காவது கியருக்கு மாற்றினாள்.