கார் ஷெட்டில் சம்மட்டி

வலியசாலையில் எங்கள் கார் ஷெட்டில் அத்தானின் காரும் எங்கள் வாஷிங் மெஷினும் டிரையரும் ஒன்றாக இருக்கின்றன. அத்தான் என் கணவரின் அண்ணன், மாடியில் இருக்கிறார்.

இன்று காலை கார் கதவைத் திறந்தவர், சீட் முழுக்கப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்த்தார். மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்து டிரையர் மேல் ஒரே போடு. மேல்தகடு நசுங்கியது.

"இந்தச் சாதனம் விடுற ஆவிதான் என் வண்டியை அழுக வைக்குது."

"மழைத்தண்ணி சொட்டச் சொட்ட வண்டியை உள்ள விட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டுறது யாரு?" என்று கணவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

அத்தான் கணவரின் முகத்தில் குத்தினார். இருவரும் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, புரண்டு புரண்டு அடித்துக்கொண்டார்கள். கணவரின் உதடு கிழிந்து ரத்தம் கார் கதவில் தெறித்தது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கீழே கிடந்த சம்மட்டியை எடுத்தேன். இருவரும் அப்படியே உறைந்தார்கள்.

"அத்தான், தள்ளி இருங்க."

பின்சுவரை அடித்தேன். செங்கல் உடைந்து வெளிச்சம் வரும்வரை அடித்தேன்.

"டிரையர் குழாயை இது வழியா வெளிய விடப் போறேன். நீங்க வண்டியைத் துடைச்சிட்டு உள்ள விடுங்க. பகல்ல ஷட்டரைத் திறந்து வைங்க. சண்டை போதும். மதி, கேட்டோ."

உதட்டில் தையல் போட வேண்டியிருந்தது. அத்தான்தான் அதே காரில் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஓட்டையில் எலி நுழையாமல் கம்பிவலை அடிக்க வேண்டும். சாலைக் கடைத்தெருவில் எங்கே கிடைக்கும்? வாங்கிவர இருவரையும் ஒன்றாக அனுப்பலாமா, தனித்தனியாகவா என்பதையும் சொல்லுங்கள்.