விளக்கிச் சொன்னவர் கையெழுத்து

காலையில் தபால்காரர் என் மருமகள் பெயருக்கு ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைக் கிழித்ததும் பளபளப்புக் காகிதமும் அச்சு மையும் கலந்த ஒரு வாசனை வந்தது பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா, மொகம் இப்படிப் போவுது?"

"கடைசித் தாள் வரைக்கும் படி. படிச்சுட்டு அப்புறம் மத்த வேலையைப் பாரு" என்று கத்திவிட்டேன். பாவம், அது அவள் ஸ்கூட்டருக்குப் போட்ட இன்சூரன்ஸ்.

எனக்கென்று உள்ள வாசனை புளிதான். பாப்பாரப்பட்டியில் என்னை விசாரித்தால் யாரும் என் புளி மண்டியைக் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சந்தையில் மூட்டை தூக்கினேன், பிறகு மரங்களைக் குத்தகைக்கு எடுத்தேன், பிறகு என் மூட்டையைத் தூக்க ஆள் வைத்தேன். புதுப்புளி எது, போன வருடத்துப் புளி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எவனும் என்னை ஏமாற்றியதில்லை. அதாவது, புளியில்.

என் இன்னொரு சொத்து என் இங்கிலீஷ் கையெழுத்து. சேலத்து லாரி ஆபீஸ் கிளார்க் ஒருவர், ஒரு கூடை கொட்டை நீக்கிய புளிக்கு அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். முன்னால் பெரிதாக ஒரு வளைவு, கடைசியில் ஒரு சுழி, கீழே இரண்டு புள்ளி. பார்க்கிறவர்கள் நான் காலேஜ் படித்தவன் என்று நினைப்பார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

அப்படி நினைத்தவர்களில் முதல் ஆள் காதர் பாய். எங்கள் தெருவில் இலவம்பஞ்சு மெத்தை தைத்தவர். எனக்கு ஐந்து வயது இளையவர். மூச்சு விட்டால் பஞ்சு பறக்கும், அவ்வளவு நேரம் பஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு வரும் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருவார். தமிழாக இருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷாக இருந்தால் சும்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல பாய், வழக்கமானதுதான்" என்பேன். பல வருடம் அப்படியே ஓடியது. ஒன்றும் குடி முழுகவில்லை.

பாயும் அவர் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தருமபுரியில் ஒரு வங்கியில் பணம் சேர்த்து வைத்திருந்தார். வட்டி வேண்டாம் என்று நடப்புக் கணக்கிலேயே கிடந்தது. ஒரு நாள் நான் என் வேலையாகப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த ஓர் அதிகாரி, டையும் சிரிப்புமாக, எங்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து காபி வரவழைத்தார். அந்தக் காபிக்கே நான் விழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பாய், பணம் சும்மா கெடக்குதே. டெபாசிட் மாதிரிதாங்க இது. ஆனா வட்டி கெடையாது, போனஸ். எப்ப வேணா எடுத்துக்கலாம்."

பாய் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"சார்தான் சொல்றாருல்ல, போடுங்க பாய்."

பென்சிலால் குறித்த இடத்தில் எல்லாம் பாய் தமிழில் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளை அதிகாரி என் பக்கம் நகர்த்தினார். "ஐயா, சாட்சிக்கு உங்களுது ஒண்ணு." வளைவும் சுழியும் இரண்டு புள்ளியுமாக, சும்மா இழுத்தேன். "சூப்பர் கையெழுத்துங்கய்யா" என்றார். படுபாவி.

ஒரு மாதத்தில் பாய் வீட்டுக்குத் தடித்த கவர் வந்தது. என்னிடம் கொண்டுவந்தார். அதே பளபளப்பு, அதே வாசனை. முழுக்க இங்கிலீஷ். மேலும் கீழும் பார்த்தேன். "பத்திரம் வந்துருச்சு பாய், பீரோவுல வச்சுப் பூட்டுங்க" என்றேன். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அதில்தான் எழுதியிருந்தது.

மறு வருடம் ஹஜ் குலுக்கலில் பாய் பெயரும் அவர் மனைவி பெயரும் விழுந்தன. தெரு முழுக்கப் பாயசம். முதல் தவணையைக் கட்ட நாள் குறித்துக் கடிதம் வந்தது. பணம் எடுக்கப் போனால், டெபாசிட்டே இல்லை, அது ஆயுள் காப்பீடு என்றார்கள். ஐந்து வருடம் தொட முடியாதாம், வருடா வருடம் இன்னும் கட்ட வேண்டுமாம். அந்தச் சிரிப்பு அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். நிறைய பாலிசி விற்றதற்காக அவரை வெளிநாட்டுச் சுற்றுலா அனுப்பி வைத்தார்களாம். எனக்கு அங்கேயே நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. மெத்தை தைத்தவன் காசில் அவன் விமானம் ஏறியிருக்கிறான்!

சண்டை போட்டேன். அந்தச் சத்தத்தில்தான் ஒரு காவலாளி சுவரைக் காட்டினார். காலண்டருக்குப் பின்னால் ஒரு அறிவிப்புப் பலகை: வங்கியில் புகார் கொடுத்து முப்பது நாளில் தீராவிட்டால் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவில்லை. சட்டத்தையே காலண்டர் போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள்.

எழுதினோம். வங்கி பதிலுக்கு ஒரு நகலை அனுப்பியது. என் கையெழுத்துக்கு மேலே இருந்த இரண்டு வரியை மருமகள் தமிழில் சொன்னாள்: "இதில் உள்ளதையெல்லாம் வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் விளக்கிச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார்."

ஒரு நாள் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பாய் என் மண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐயா, படிச்சு விளக்கினது நீங்கதானா?" என்றது ஒரு பெண் குரல்.

"நான் எதையும் வெளக்கலீங்க."

"கையெழுத்து இங்கிலீஷ்ல இருக்கே. உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்தானே?"

மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"தெரியாதும்மா. கையெழுத்து மட்டுந்தான் தெரியும்."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

தமிழில், என் கைப்பட, ஒரு தாள் முழுக்க எழுதிக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் ஜெயித்தோம். கட்டிய பணம் முழுவதும் திரும்பியது. ஆனால் உத்தரவு வருவதற்குள் தவணை நாள் போய், அந்த வருட விமானங்களும் போய்விட்டன. பாயின் இடம் வேறு யாருக்கோ போனது. அதற்கு எந்தப் பிரிவில் நஷ்டஈடு, சொல்லுங்கள். இரண்டு முறை மறுபடி விண்ணப்பித்தார். பெயர் விழவில்லை. அவர் மனைவிக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை.

அந்தப் போனை வைத்ததும் பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப இத்தனை வருசமா எங்கூட்டுக் கடுதாசியெல்லாம்?" நான் புளியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் தருமபுரி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறார். வங்கிக்குள் அவரே போய், கவுன்டர் பெண்ணை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். பின்னால் வரிசை கத்தினாலும் நகர்வதில்லை. நான் வெளிப் பெஞ்சில் இருப்பது அவருக்குத் தெரியும். வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசுகிறார், என் சர்க்கரையை விசாரிக்கிறார். சட்டைப் பையில் கடிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். "நீங்க என்ன சொல்றீங்கண்ணே" என்று மட்டும் கேட்பதில்லை.