மவுஸும் டச் ஸ்கிரீனும் சேராத ஏற்காடு லாட்ஜ்

ரிப்பேர்க்காரன் வாசலில் காலை வைத்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்குப் பிள்ளையாகிவிடும், அவன் பஸ் ஏறியதும் பழைய குணத்தைக் காட்டும் என்பது இந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நான் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் முதலாளி, சுற்றிப் பார்க்கும் இடங்களை வருகிறவர்கள் விரலால் தொட்டே தெரிந்துகொள்ளட்டும் என்று வரவேற்பறையில் டச் ஸ்கிரீன் மானிட்டர் வைத்தார். என் பாதி ஆயுள் மலை பஸ்ஸில் போனது.

ஒரே வழிக்கு இரண்டு பேர்

மவுஸைச் சொருகினால் திரை விரலுக்கு அசையாது. மவுஸை இயக்கும் டிரைவர் புரோகிராமும் டச்சை இயக்கும் டிரைவர் புரோகிராமும் கம்ப்யூட்டருக்குள் ஒரே வழியைக் கேட்டு மல்லுக்கட்டின. மவுஸைக் கழற்றிவிட்டு டச் டிரைவரை மறுபடி ஏற்றினேன். வரவேற்பில் இருந்த வசந்தி, மஞ்சக்குட்டையிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவள், நான் செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, பில்லு போடறப்ப மவுசு, ஆளு வந்தா விரலுன்னு நான் மாத்தி மாத்திச் சொருவிட்டே இருக்கோணுங்களா?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் போன் வந்தது. அம்புக்குறி திரையின் மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவரைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை அழித்து ஏற்றினேன். வசந்தி டீ கொண்டுவந்து மானிட்டர் பக்கத்தில் வைத்தாள். அவள் கையைப் பார்த்தபோதுதான் மானிட்டர் சட்டத்தின் மூலையில் காய்ந்திருந்த சந்தனமும் குங்குமமும் கண்ணில் பட்டன. விரலைக் கண்டுபிடிக்கும் ஒளி அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்பும். அதை மறைத்த பொட்டைத்தான் திரை விரல் என்று நினைத்துவிட்டது. ஈரத் துணியால் துடைத்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் கண்டுபிடித்தேன். போன் லைனில் இன்டர்நெட் இணைக்கும் மோடம் ஒன்று, யாருக்கும் பயன்படாமல், உள்ளே வேறொரு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு டச்சை அங்கே மாற்றினால் மவுஸ் சண்டை அடியோடு தீரும். நான் மாற்றவில்லை. தீர்ந்துவிட்டால் எந்தச் சாக்கில் வருவது? அவளை மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும்போது பொட்டு வைத்தது யாரென்று கேட்டேன். "நான்தானுங்க. அதுவும் நம்மகூட வேலை செய்யற சாமான்தானுங்களே, அத மட்டும் எப்படிங்க உட்டுட்டு வெக்கறது?"

பத்து நிமிஷ வேலை

மாதம் இரண்டு தடவையாவது கூப்பிட்டார்கள். அவளிடம் என்ன பேசுவது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒத்திகை பார்ப்பேன். போனதும் "மவுஸைக் கழற்றினீங்களா?" என்பதுதான் வாயில் வரும்.

கடைசித் தடவை போனபோது வசந்தி கண் சிவந்து நின்றாள். அவள்தான் மாற்றி மாற்றிச் சொருகிக் கெடுக்கிறாள் என்று, ஒண்ணாம் தேதியோடு நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார் முதலாளி. மோடத்தைக் கழற்றினேன், டச்சை மாற்றினேன். மவுஸும் விரலும் ஒன்றாக வேலை செய்தன. "தப்பு அவங்க மேல இல்லீங்க, நான்தான் முன்னாடியே சரியாப் பண்ணல" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை முறைத்துவிட்டு, அவளைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

வசந்தி வாசல் வரை வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. "நொம்ப சந்தோசமுங்க. இனி நீங்க இத்தன தூரம் மலையேறி வரவே வேண்டியதில்லீங்க."

திரும்பக் கூப்பிட வேண்டியிராதபடி என் தொழிலில் நான் பார்த்துக்கொடுத்த ஒரே வேலை அதுதான், அது இன்னொரு தடவை கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.